காசு கொடுத்து வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் வீடியோ கேம் ஆடப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வாங்கித் தரலாமா, டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் வாங்கித் தரலாமா என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, படத்தின் தெளிவு, கரண்ட் செலவு, கண்ணுக்கு வரும் கெடுதல் எல்லாவற்றையும் அலசியிருந்தார்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. இன்று புதிதாக வரும் பெரிய கேம்கள் பல 4,999 ரூபாய் விலையில் வருகின்றன. தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு அது பல நாள் கூலி. அவ்வளவு கொடுத்து வாங்கும் கேம் பத்து வருடம் கழித்தும் நம்மிடம் இருக்குமா? பரணில் இருந்து பெட்டியை எடுத்துத் தூசி தட்டி மாட்டினால் ஓடுமா?

சேலம் அம்மாபேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரேடியோ, டிவியில் தொடங்கிய தொழில். தொண்ணூறுகளில் டிவி கேம் வந்ததும் அதையும் பழுது பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு விசைத்தறி. கன்சோலைத் திறந்தால் ஃபேனைச் சுற்றிப் பஞ்சுத் தூசி அடை அடையாக அப்பிக்கொண்டிருக்கும். அதைச் சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதை மாற்றினாலே வந்த மெஷினில் பாதி சரியாகிவிடும். அதனால் எந்தக் கருவி எத்தனை காலம் உழைக்கும் என்பதை விளம்பரத்தைப் பார்த்து அல்ல, திறந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலத்து டிவி கேம்கள் இன்றும் பழுதுக்கு வருகின்றன. ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் கருவிகள் அவை. அப்பா விளையாடியதைப் பையன் எடுத்து வருவான். பழுது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும். ஒன்பது வோல்ட் அடாப்டரின் ஒயர் பின் அருகே உள்ளுக்குள் அறுந்திருக்கும். அல்லது போர்டில் வோல்ட்டேஜைச் சீராக்கும் 7805 ரெகுலேட்டர் போயிருக்கும். இரண்டும் இல்லையென்றால் கேசட்டின் காண்டாக்ட்தான். வேலை செய்யவில்லை என்றால் கேசட்டை வாயால் ஊதிப் போடுவது அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கம். ஊதிய ஈரம் வருடக்கணக்கில் இறங்கி, செம்பு பச்சை பூத்திருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, பஞ்சில் ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்துச் சொருகினால், முப்பது வருடத்துக்கு முந்தைய கேசட்டில் இருந்து மாரியோ அதே இசையோடு வந்து நிற்கிறது. 1985இல் வந்த அந்த கேம் மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது.

அது ஓடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இணையம் வேண்டாம், அக்கவுண்ட் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். அண்ணன் தம்பிக்குக் கொடுக்கலாம், தம்பி பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்து அவனுடைய கேசட்டை வாங்கிக்கொள்ளலாம்.

இப்போதைய நிலைமைக்கு ஒன்று சொல்கிறேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், மழை மாதத்தில் கன்சோலைச் சாக்குப் பையில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்தார். “போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. இப்ப பையன் கேமைப் போட்டா உள்ளயே போக மாட்டேங்குது. மெஷின் போயிடுச்சுங்களா?” என்றார். மாட்டிப் பார்த்தேன். மெஷின் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, படம் வருகிறது. கேமைத் திறந்தால் மட்டும் சர்வருடன் இணைய முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. மலையில் மரம் விழுந்து லைன் அறுந்திருக்கிறது, வீட்டில் இணையம் இல்லை. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். உடனே ஓடியது. பையன் ஆடுவது ஊரில் இருக்கும் வேறு யாரோடும் சேர்ந்து ஆடும் ஆட்டமும் அல்ல. தனியாக உட்கார்ந்து கதையை முடிக்கும் கேம். அதற்கும் ஒவ்வொரு முறையும் எங்கோ இருக்கும் ஒரு சர்வர், அதாவது கேம் கம்பெனியின் கம்ப்யூட்டர், தலையாட்ட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவரிடம் மெஷினில் பழுதே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். கூலி வாங்கவில்லை. அவர் முகத்தில் நிம்மதியைவிடக் குழப்பம்தான் அதிகம். “காசு கட்டித்தானுங்களே வாங்குனோம்” என்று படியிறங்கும்போதும் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் கிரயம் செய்ததாக நினைத்தார், எதிர்ப்பக்கம் எழுதி வைத்திருப்பது குத்தகை. அதுவும் காலக்கெடு போடாத குத்தகை, எப்போது வேண்டுமானாலும் வெளியேறச் சொல்லலாம். ஆன்லைன் கடைகளின் ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தால், தரப்படுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று இருக்கும். அக்கவுண்ட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றக் கூடாது என்றும் இருக்கும். வீட்டில் ஒருவர் காலமானால் அவருடைய புத்தகம் பிள்ளைக்கு வரும், வாட்ச் வரும், கேசட் வரும். ஆயிரக்கணக்கில் பணம் போட்டுச் சேர்த்த கேம்கள் ஒப்பந்தப்படி வராது.

டிஸ்க் வாங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். ஓரளவு உண்மை. சோனியின் பிளேஸ்டேஷன் 2 கன்சோல் உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்றது. அதன் டிஸ்க்கைக் கீறல் இல்லாமல் வைத்திருந்தால் இன்றும் ஓடுகிறது. கைமாற்றி விற்கலாம். கன்சோலின் பெரிய பலமே அதுதான். அந்த விஷயத்தில் கம்ப்யூட்டர் எப்போதோ தோற்றுவிட்டது. ஆனால் அந்தப் பலத்தைக் கம்பெனிகளே கழற்றி எடுக்கின்றன. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குக் கடையில் கிடைக்கும் கார்டுகளில் ஒரு வகை, உள்ளே கேமே இல்லாத சாவிக் கார்டு. கார்டைச் சொருகிவிட்டு கேம் முழுவதையும் இணையத்தில் இருந்து இறக்க வேண்டும். அந்தக் கார்டை நாளை நான் எந்த ரப்பரால் தேய்த்தாலும் இறக்கும் இடம் மூடிவிட்டால் பயனில்லை.

மூடுவார்களா என்று கேட்கலாம். மூடியிருக்கிறார்கள். நிண்டெண்டோவின் வீ கருவிக்கான ஆன்லைன் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அதே கம்பெனியின் 3டிஎஸ், வீ யூ கருவிகள் இரண்டுக்குமான கடை 2023 மார்ச் 27இல் மூடப்பட்டது. அங்கே மட்டுமே விற்ற கேம்களைப் புதிதாக வாங்க அதன் பிறகு வழியே இல்லை. யூபிசாஃப்ட் கம்பெனி 2014இல் விற்ற ‘தி க்ரூ’ என்ற கார் ஓட்டும் கேமின் சர்வர் 2024 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டது. தனியாக ஓட்டினாலும் சர்வர் இல்லாமல் ஓடாத கேம் அது. டிஸ்க்கை அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் பிளாஸ்டிக் ஆனது.

கம்ப்யூட்டர் பக்கம் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2000-களில் ஒரிஜினல் சிடி வாங்கிய சிலர் இன்று அதே சிடியோடு வருகிறார்கள். அந்தச் சிடிகளில் திருட்டுப் பிரதியைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டுப் போட்டிருந்தார்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10இல் அந்தப் பூட்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை எடுத்துவிட்டது. முடிவு என்ன? நேர்மையாகக் காசு கொடுத்தவருடைய சிடி ஓடாது, பூட்டை உடைத்த பிரதி ஓடும். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவை நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டரில் பழைய கேம் ஆடுகிறவருக்கு, அவர் எதையும் மாற்றாமலே வழி அடைபடுகிறது.

இருந்தும் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்து வயதுப் பிள்ளை உள்ள வீடு, தொந்தரவில்லாமல் ஆட வேண்டும் என்றால் டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோல் வாங்குங்கள், டிஸ்க்காகவே வாங்குங்கள். சேர்த்து வைக்க விரும்புகிறவர் கம்ப்யூட்டர் வாங்குங்கள். ஏனென்றால் பூட்டில்லாத கேம் விற்கிற கடை அங்கேதான் இருக்கிறது. போலந்தைச் சேர்ந்த ஜி.ஓ.ஜி. என்ற ஆன்லைன் கடை 2008 முதல் அப்படி விற்கிறது. இன்ஸ்டால் செய்யும் ஃபைலை இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொண்டால், நாளை அந்தக் கடையே இல்லாமல் போனாலும் கேம் நம்முடையது. இறக்காமல் அக்கவுண்ட்டிலேயே விட்டுவைத்தால் அதிலும் பயனில்லை. இறக்கி வையுங்கள்.

கம்ப்யூட்டரை நான் மதிக்க இன்னொரு காரணம் எமுலேட்டர். இதைப் பற்றி நம் ஊரில் தவறான எண்ணம் இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதி வேண்டும்.

பழைய டிவி கேம் போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு பெரிய சொட்டு எப்பாக்ஸி இருக்கும். மொத்தக் கருவியும் அதற்குள் அடங்கிய ஒரே சில்லில் (சிப்) இருக்கிறது. அடாப்டர் போனால் மாற்றலாம், ரெகுலேட்டர் போனால் மாற்றலாம். அந்தச் சொட்டுக்குள் ஏதாவது போனால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. கேசட்டும் நிரந்தரம் அல்ல. கருவி முழுக்கச் செத்த பிறகும் கேம் உயிரோடு இருக்க ஒரே வழி, அந்தப் பழைய சில்லு என்ன செய்ததோ அதையே புதிய கம்ப்யூட்டரில் செய்து காட்டும் புரோகிராம். அதுதான் எமுலேட்டர். ஃபேமிகாமின் சில்லு நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பில் ஓடியது. இன்றைய மலிவு போனுக்கே அது சின்ன வேலை. கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய ஆர்கேட் மெஷின்களுக்காக மேம் என்ற எமுலேட்டரை 1997இல் இருந்து தன்னார்வலர்கள் எழுதி வருகிறார்கள். பல மெஷின்களின் போர்டு இன்று உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. அவை எப்படி ஓடின என்பது அவர்களால்தான் தெரிகிறது.

எல்லாம் அதில் திரும்பக் கிடைத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். டிவி கேமில் திரையில் வரும் வாத்தைச் சுடும் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்ததா என்பதுதான் கணக்கு. பழைய டியூப் டிவியில் சிக்னல் வந்த அதே கணத்தில் வெளிச்சம் வரும். எல்.இ.டி. டிவி படத்தைத் தாமதித்துக் காட்டுவதால் துப்பாக்கி எதையும் பார்ப்பதில்லை. அதனால் டியூப் டிவியையும் எடைக்குப் போடாமல் சிலவற்றையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எமுலேட்டர் என்றாலே திருட்டு என்று பேசுவது சரியல்ல. பிளேஸ்டேஷன் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம் செய்த கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி மீது சோனி வழக்குப் போட்டது. அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆவது பிரிவும், கம்ப்யூட்டர் புரோகிராமின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் அது அழிந்துபோகாமல் இருக்கக் காப்புப் பிரதி எடுக்கலாம் என்கிறது. அதே சமயம், பத்தாயிரம் கேம் ஏற்றிய ஸ்டிக் என்று டிவியில் சொருகும் கருவிகளை விற்கிறார்களே, அது வேறு. அந்த கேம்களுக்கு உரிமை கொண்டவருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. என் கடையில் அதை விற்பதும் இல்லை, யாருக்கும் ஏற்றித் தருவதும் இல்லை. உங்களிடம் கேசட் இருக்கிறது, டிஸ்க் இருக்கிறது, அதைப் பாதுகாக்க வேண்டும் என்றால் உதவுகிறேன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாகத் திருட்டு என்பவர்கள், விற்பனையில் இல்லாத பழைய கேம்களை மக்கள் எங்கே போய் வாங்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று பழைய கேம்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஆய்வு வெளியிட்டது.

விளையாட்டுதானே, போனால் போகட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பார்கள். டி.ஆர். சுந்தரம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டுடியோவில் மிஞ்சியிருப்பது அந்த வளைவுதான். தமிழின் முதல் பேசும் படம் 1931இல் வந்தது. இன்று அதன் பிரதி இல்லை. சினிமாதானே என்று அன்றும் நினைத்திருப்பார்கள். படத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், படச்சுருளைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. புத்தகத்துக்கு அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் 1954இல் சட்டம் போட்டு, வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் போக வேண்டும் என்று வைத்தார்கள். கேமுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் பொது நூலகங்களுக்குக் கொடுக்கும் சலுகையும், நூலகத்தில் டிஜிட்டல் அல்லாத பிரதி இருந்தால்தான் அதை மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது. கேமோ பிறக்கும்போதே டிஜிட்டல். அதற்கு டிஜிட்டல் அல்லாத பிரதி எங்கிருந்து வரும்?

கேம் என்றதும் ரம்மியும் பணம் கட்டி ஆடுவதும் நினைவுக்கு வந்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதைத் தடுக்க மாநிலத்தில் 2022இலும் மத்தியில் 2025இலும் சட்டம் வந்தது. நான் வரவேற்கிறேன். ஆனால் கெட்டதைத் தடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. சூதாட்டமில்லாத கேமைக் காசு கொடுத்து வாங்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்.

மற்ற இடங்களில் அசைவு தெரிகிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், உரிமம் மட்டும் தந்துவிட்டு அதைச் சொல்லாமல் விற்கக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி தந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐரோப்பாவில், சேவையை நிறுத்தினாலும் கேமை ஓடும் நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஆன்லைன் விற்பனையில் ஏமாற்றும் முறைகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டது. உரிமத்தை விற்பனைபோலக் காட்டுவது அதில் தனி வகையாக இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். பணம் கட்டும் பக்கத்திலேயே, இது இணையம் இல்லாமல் ஓடுமா, எத்தனை வருடத்துக்கு சர்வர் உறுதி, நிறுத்தினால் என்ன தருவார்கள் என்பதைத் தமிழிலும் போட வேண்டும். சர்வரை நிறுத்தும் நாளில், தனியாக ஆடும் பகுதியாவது ஓடும்படி கடைசியாக ஒரு அப்டேட் தர வேண்டும். கம்பெனியை நட்டத்தில் நடத்தச் சொல்லவில்லை. விற்ற பொருளை உடைத்துவிட்டுப் போகாதே என்றுதான் கேட்கிறோம்.

சேலம் கடைக்காரர்களும் ஒன்று செய்யலாம். பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இணையம் தேவை என்று இருப்பதை வாங்க வருபவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். மலையில் இருந்தும் வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் இருந்தும் வருகிறவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்று ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு யார் அலைவது என்று விட்டுவிடாதீர்கள். புகார் பதிவானால்தான் இப்படி ஒரு குறை இருப்பதே மேலே தெரியும்.

கடைசியாக மாவட்ட மைய நூலக அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு உரிமையாளர்கள் திரும்ப வராத டிவி கேம்கள், கொடுத்தவர்களே நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போன கேசட்டுகள், வாத்து சுடும் துப்பாக்கிகள் என் கடையில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் சுத்தம் செய்து ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். நூலகத்தில் ஒரு அலமாரியும் ஒரு பிளக் பாயின்ட்டும் ஒதுக்கித் தந்தால் விட்டுச்சென்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இலவசமாகத் தருகிறேன். 21 இன்ச் டியூப் டிவி ஒன்றும் சேர்த்துத் தருகிறேன். பழுதானால் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடைக்காரர்,
அம்மாபேட்டை, சேலம்.